தோற்றுப்போன தோட்டத்தில் மூன்று நாள்

‘அமேசான் காட்டுக்குள் ஒரு பேய் நகரம்’ என்ற தலைப்பில் நீங்களும் எதையாவது படித்திருக்கக்கூடும். துருப்பிடித்த தண்ணீர்த்தொட்டிக் கோபுரம், உடைந்த கண்ணாடிச் சன்னல்கள், கூரை போன மருத்துவமனை என்று மூன்று படங்கள் இருக்கும். மனிதர் ஒருவரும் இருக்கமாட்டார். கடந்த பிப்ரவரியில் அந்தப் பேய் நகரத்தின் படகுத்துறையில் விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கினேன். முதலில் வரவேற்றது ஒரு சேவல். அடுத்து, மோட்டார் சைக்கிளோடு நின்ற ஒருவர், தங்க இடம் வேண்டுமா என்று கேட்டார். ஏழு மணிக்கு முன்பே பிள்ளைகள் சீருடையில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பேயைத்தான் கடைசிவரை காணவில்லை.

ஊரின் பெயர் ஃபோர்ட்லாந்தியா. ஊர்க்காரர்கள் வாயில் அது ‘ஃபோர்ஜிலாஞ்சியா’ என்று இளகிக் கனிந்து விழுகிறது. பிரேசிலின் வடக்கே, பாரா மாநிலத்தில், தபஜோஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. சான்டாரெம் நகரிலிருந்து படகில்தான் போனேன். பிற்பகலில் கிளம்ப வேண்டிய படகு மூன்று மணி நேரம் தாமதம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நான் ஒருத்திதான் பரபரத்துக்கொண்டிருந்தேன். படகின் மேல்தளத்தில் வரிசையாகத் தூளி கட்டி எல்லாரும் படுத்துவிட்டார்கள். குழந்தைக்குக் கட்டுகிற அதே தூளி, ஆள் நீளத்துக்கு. பக்கத்துத் தூளிக்காரரின் முழங்கை இரவு முழுவதும் என் விலாவில் இருந்தது. அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இவ்வளவு தூரம் எதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். என் பாட்டி மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் வயதில் அவரோடு மங்கு, அதாவது பால் வடியும் கிண்ணம், துடைத்தவர். தோட்டத் தமிழர்களான எங்களைப் பொறுத்தவரை பால்மரம் என்பது மலாயாவின் மண்ணிலேயே முளைத்தது, நாங்கள்தான் வந்தேறிகள். மரமும் வந்தேறிதான் என்பது எனக்குத் தெரியவே இருபது வயதாகிவிட்டது.

1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் இந்தத் தபஜோஸ் கரையில், போயிம் என்ற சிற்றூரை ஒட்டிய காடுகளிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைச் சேகரித்து லண்டனுக்குக் கப்பலேற்றினார். கியூ தாவரத் தோட்டத்தில் அவற்றில் 2,700 போல முளைத்தன. கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில எங்கள் பேராக்கின் கோலகங்சாருக்கு. அங்கே ஒரு கிழட்டு மரம் இன்னும் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பிரேசில்காரர்களுக்கு விக்கம் ஒரு திருடர். விதையைக் கொண்டுபோகக் கூடாது என்று அப்போது சட்டம் எதுவும் இருக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பிரிட்டன் அவருக்கு 1920-ல் சர் பட்டம் கொடுத்தது. திருட்டோ இல்லையோ, அந்த விதைகளுக்குப் பின்னாலேயே எங்கள் ஆட்களும் கப்பலேறினார்கள். போயிம் எந்தப் பக்கம் என்று படகில் கேட்டேன். எதிர்க்கரை என்று இருட்டைக் காட்டினார்கள். ஆறு அங்கே அவ்வளவு அகலம், கரையே தெரியவில்லை.

ஆசிய ரப்பர் பெருகியதும் 1912 வாக்கில் அமேசானின் ரப்பர் செல்வம் சரிந்தது. விலை பிரிட்டிஷ், டச்சுத் தோட்டக்காரர்கள் கைக்குப் போனது. காருக்கு டயர் வேண்டுமே, அதற்கு இவர்கள் தயவா என்று கடுத்துப்போன ஹென்றி ஃபோர்ட், மரம் பிறந்த இடத்திலேயே தோட்டம் போடுவோம் என்று முடிவெடுத்தார். பாரா அரசு ஏறத்தாழ பத்து லட்சம் ஹெக்டேர் கொடுத்தது. 1928-ல் மிச்சிகனிலிருந்து தளவாடங்களோடு கப்பல்கள் வந்தன. மரமறுக்கும் ஆலை, மின்நிலையம், மருத்துவமனை, நடைபாதை, சிவப்பு நிறத் தீயணைப்புக் குழாய்கள் உட்பட ஓர் அமெரிக்கச் சிற்றூரே காட்டுக்குள் எழும்பியது. ஃபோர்ட் மட்டும் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை.

மது கூடாது. சாப்பாட்டுக்கு ஓட்ஸ் கஞ்சி, தீட்டாத அரிசி, டின்னில் அடைத்த பழம். 1930 டிசம்பரில், உணவுக்கூடத்தில் இனி வரிசையில் நின்று நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றதும் பொறுமை அறுந்தது. தட்டும் பாத்திரமும் பறந்தன. வருகை நேரம் பதியும் கடிகாரங்களைத் தேடிப்பிடித்து நொறுக்கினார்கள். மேலாளர்கள் குடும்பத்தோடு படகேறி ஆற்றுக்குள் ஓடினார்கள், ராணுவம் வரவேண்டியதாயிற்று. ‘பானையுடைப்பு’ என்றே அந்தக் கலகத்துக்குப் பெயர். இதைக் கஞ்சி பிடிக்காத தொழிலாளரின் வேடிக்கைக் கதையாக எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. பத்தாண்டு கழித்து, 1941-ல், மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எங்கள் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. அதற்குத் துப்பாக்கிதான் பதில் சொன்னது. அங்கே கஞ்சி, இங்கே சைக்கிள்.

மரங்களின் கதையைப் பாட்டி கேட்டிருந்தால் சிரித்திருப்பார். காட்டில் ரப்பர் மரம் தனித்தனியாக நிற்கும், ஒரு ஹெக்டேருக்கு இரண்டு மூன்று இருந்தாலே அதிகம். இலையைக் கருக்கும் பூஞ்சை ஒன்று அந்தக் காட்டிலேயே இருக்கிறது. மரத்துக்கு மரம் தூரம் அதிகம் என்பதால் அதனால் பெரிதாகப் பரவ முடிவதில்லை. ஃபோர்டின் ஆட்கள் மலாயாவைப் பார்த்து நெருக்கமாக வரிசை போட்டார்கள். கிளைகள் ஒன்றோடொன்று தொட்டதும் நோய் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போனது. ஆசியாவுக்கு விதைகள் வந்தன, பூஞ்சை வரவில்லை. எங்கள் வரிசைகள் பிழைத்ததற்கு அது ஒன்றுதான் காரணம். 1934-ல் சான்டாரெமுக்கு அருகே பெல்தெர்ராவில் இரண்டாவது தோட்டம் போட்டார்கள். அதற்கு நல்ல பால் தரும் ஒட்டுக் கன்றுகளைச் சுமத்திராவிலிருந்து கொண்டுவந்தார்கள். விக்கம் தூக்கிப்போன மரத்தின் வாரிசுகள், அறுபது ஆண்டுக்குள் வெளிநாட்டுச் சரக்காகத் தாய்வீடு திரும்பின. அவற்றையும் பூஞ்சை தின்றது. 1945-ல் ஃபோர்ட் நிறுவனம் இரண்டு தோட்டங்களையும் பிரேசில் அரசுக்குச் சொற்பத் தொகைக்கு விற்றுவிட்டு வெளியேறியது. நட்டம் 20 மில்லியன் டாலர் என்பார்கள்.

தோல்வி என்று உலகம் எழுதிவைத்திருப்பது இதைத்தான். கணக்கு எழுதியவர் கம்பெனிக்காரர் என்பதால் அப்படி. நான் தங்கியிருந்த வீட்டைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை போய்விட்டது.

ஊருக்குச் சற்றுத் தள்ளி மேட்டில் ‘அமெரிக்கக் குடியிருப்பு’ என்று ஒரு தெரு. அந்நாளில் மேலாளர்கள் குடியிருந்த மரவீடுகள், நீண்ட தாழ்வாரம், முன்னால் மாமரங்கள். எங்கள் பால்மரத்துக்குத் தாய்மண் அது, எங்கள் மாமரத்துக்கு அது புக்ககம். பாராவின் தலைநகரான பெலேமுக்கு ‘மாமர நகரம்’ என்றே பட்டப்பெயர் உண்டு. கம்பெனி போய்ப் பல காலம் காலியாகக் கிடந்த வீடுகளில் சிலவற்றில் இப்போது ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அப்படியொரு வீட்டு அம்மாள்தான் எனக்கு அறை கொடுத்தார். அறுபது வயதிருக்கும். பணிஓய்வு பெற்ற ஆசிரியை. தாழ்வாரக் கொடியில் துணி, மூலையில் கோழிக்கூடு, துரை சாய்ந்திருந்த இடத்தில் தூளி.

அவருடைய அப்பா வறட்சி தின்ற வடகிழக்கிலிருந்து வந்தவர். 1942-ல் ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் நின்றுபோனது. பிரேசில் 50,000-க்கும் மேற்பட்ட ஏழைகளை ‘ரப்பர் சிப்பாய்கள்’ என்று பெயர் சூட்டி அமேசான் காட்டுக்குள் அனுப்பியது. காய்ச்சலில் மாண்டவர்கள் ஏராளம். பிழைத்தவர்களுக்கு மாத உதவித்தொகை என்று அரசியலமைப்பில் எழுதியதே 1988-ல்தான். அதே போர் ஆண்டுகளில் ஜப்பான்காரர்கள் எங்கள் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட அள்ளிப்போனார்கள். பாட்டியின் அண்ணன் திரும்பவில்லை. மொழிபெயர்ப்புச் செயலி வழியாக இதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

அங்கே பால் சீவுகிறவர்களும் அதைப் பால் என்றே சொல்கிறார்கள். ‘லெய்ச்சி’. அவர்களும் விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனவர்கள். சாப்பாட்டிலும் சொந்தம் விட்டுப்போகவில்லை. மரவள்ளிக்கிழங்கு அவர்கள் மண்ணின் பயிர். அதைத் துருவிப் பிழிந்து வறுத்த ‘ஃபரீன்யா’ மாவு இல்லாமல் மீனும் இறங்காது, சோறும் இறங்காது. ஜப்பான்காரர் காலத்தில் வெறும் மரவள்ளி தின்றே உயிர் தப்பியதாகப் பாட்டி சொல்லும்போது அதில் ஓர் அவமானம் இருக்கும். இவர்களோ அதைக் கை நிறைய அள்ளி, பெருமையாகத் தட்டில் தூவுகிறார்கள். கிழங்கின் நச்சுச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் மஞ்சள் ரசம் துக்குப்பி. அதோடு ஜம்பு என்ற கீரை. வாயில் போட்டதும் நாக்கு மரத்துப்போகிறது. எனக்கு ஒருமுறை போதும்.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று சொல்லவரவில்லை. வேலை கிடையாது; இளைஞர்கள் சான்டாரெமுக்கோ, மேல் ஆற்றுத் தங்கச் சுரங்கங்களுக்கோ போய்விடுகிறார்கள். அந்தச் சுரங்கங்களின் பாதரசம் ஆற்று மீனில் ஏறுகிறது, முண்டுருக்கு பழங்குடிகள் ஆண்டுக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். 2023 வறட்சியில் ஆறு வற்றிய நாட்களைப் பற்றிப் பேசும்போது அந்த அம்மாளின் குரல் தாழ்ந்தது. வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சிரித்தார். யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்பது போன்ற சிரிப்பு. எனக்குப் பகீரென்றது. பத்திரம் இல்லாத வீட்டை யார் வந்து கேட்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

வென்ற தோட்டத்தின் கதை அதுதான். மலாயாவில் ரப்பர் வென்றது. லண்டனில் பங்குகள் ஏறின, கோலாலம்பூர் எழும்பியது. சீவியவர்களுக்கு என்ன மிஞ்சியது? ஐம்பதுகளின் இறுதியில் தொடங்கித் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். 1969-க்குப் பிறகு வேலை அனுமதி இல்லை என்று குடியுரிமை கிடைக்காதவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். மிச்சமிருந்தவர்கள் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்கு, மாறினார்கள். பின்பு வீடமைப்புத் திட்டம் வந்தது, லயத்தை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி செய்யச் சொன்னார்கள். பாட்டி லயத்து வீட்டை விட்டு வந்தபோது கையில் இருந்தது பால் சீவும் ஓர் உளியும் இரண்டு இரும்புப் பெட்டியும். இன்று அந்த இடத்தில் நின்று, இங்கேதான் எங்கள் வீடு என்று காட்ட ஒரு செங்கல் கிடையாது. தோற்ற தோட்டத்தில், ரப்பர் சிப்பாயின் மகள் துரை வீட்டில் கோழி வளர்க்கிறார். எது தோல்வி என்று எழுதுவதற்கு முன் படமெடுக்கிற நண்பர்கள் கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பலாம். துணிக்கொடி அங்கேதான் இருக்கிறது.

கடைசி நாள் காடு விழுங்கிய பழைய வரிசைகளுக்குப் போனோம். விதை உதிரும் பருவம். ஈர இலைகளுக்கு நடுவே வரிவரியாகப் பழுப்புக் கொட்டைகள். ஒன்றை எடுத்து, ஃபோர்ட் போட்ட நடைபாதையில் பரபரவென்று தேய்த்து, கூட வந்த அந்த அம்மாளின் பேரப்பிள்ளையின் கையில் வைத்தேன். சூடு பட்டதும் துள்ளிக் குதித்து, மறுநிமிடமே தானும் ஒரு கொட்டையைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டான். ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளத்தான் ஆசை. அந்தப் பூஞ்சையை நினைத்து ஆசியாவே இன்னும் அஞ்சிக்கொண்டிருக்கிறது. கொட்டையைத் தாழ்வாரக் கம்பியின் மேல் வைத்துவிட்டேன். சான்டாரெமில் காலணிகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே விமானம் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். ஆறு, கோபுரம், ஆலை எல்லாவற்றையும் விரலால் தள்ளிக்கொண்டே போனவர், அந்த வீட்டில் நின்றார்.

“துரை வீடா?”

“ஆமாம். இப்போது அந்த அம்மாளின் வீடு.”

“குசினி உள்ளேயா, வெளியேயா?”

“உள்ளேதான் அம்மா.”

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.