அலங்காரக் கடைசல் லேத் செய்யப் போறீங்களா? மோட்டாரைக் கடைசியா வாங்குங்க

அலங்காரக் கடைசலுக்குச் சொந்தமா லேத் செய்ய நினைக்கிறவங்க முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போடலாம்?" என்றுதான். இதில் மோட்டார் மிகச் சின்ன விஷயம். கிண்ணமோ கட்டில் காலோ கடையும்போது கட்டை சுழலும், உளி நிற்கும். இங்கே அது தலைகீழ். கட்டையைப் பூட்டி நிறுத்தியோ கையால் மெல்லச் சுற்றியோ வைத்துக்கொண்டு, வேகமாகச் சுழலும் சின்னக் கட்டரை அதன்மேல் ஓட்டிக் கோலம் வெட்டுகிறோம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து லண்டன் ஹோல்ட்ஸாப்ஃபெல் நிறுவனம் விற்ற பேர்பெற்ற லேத்துகள் கால்மிதியில் ஓடியவை. ஒருவர் காலால் மிதிக்கிற விசையே அந்த நுணுக்கத்துக்குப் போதுமாக இருந்தது.

வீவக (சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான லேத் கிடையாது என்று நான் சொல்வதும் அதனால்தான். பழைய தையல் மெஷின் மோட்டார் ஒன்றே கட்டரை ஓட்டப் போதும். மிச்சமாகும் காசை ஸ்பிண்டில் (கட்டையைத் தாங்கும் தண்டு), பிரிப்புத் தட்டு (கட்டையைச் சம பாகங்களாகத் திருப்பி நிறுத்தும் துளைத் தட்டு), ஸ்லைடு (கட்டரை நகர்த்தும் மேசை) மூன்றிலும் போடுங்கள்.

ஸ்பிண்டிலுக்கு 25 மி.மீ. தண்டு. 30205 டேப்பர் ரோலர் பேரிங் இரண்டை எதிரெதிராக வைத்து, பின்னால் நட்டால் இறுக்குங்கள். சாதாரண 6205 பால் பேரிங்கை அப்படியே மாட்டினால் தண்டு முன்னும் பின்னும் லேசாக ஆடும். நாம் வெட்டும் கோட்டின் ஆழமே சில இடத்தில் 0.2 மி.மீ.தான். அதில் 0.05 ஆடினால் ஒரு வட்டம் தடித்தும் அடுத்தது மெலிந்தும் வரும். நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துத் தண்டைத் தள்ளிப் பாருங்கள், முள் 0.01க்கு மேல் நகரக் கூடாது. தண்டின் மூக்கை மட்டும் 33 மி.மீ. தடிமனாக விட்டு எம்33×3.5 மரை போட்டால், கடையில் கிடைக்கும் சக் (கட்டையைக் கவ்வும் பிடி) நேராக மாட்டும்.

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் பல எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் செய்யச் சொல்கின்றன. சிங்கப்பூர் ஈரப்பதத்துக்கு அது வேண்டவே வேண்டாம். வெட்டிய விளிம்பு ஊதி, திருகு தளர்ந்து, ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் மெல்லச் சாய்ந்துவிடும். 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை எப்பாக்ஸியில் ஒட்டுங்கள், இல்லையென்றால் 50×50×4 மி.மீ. இரும்புச் சதுரக் குழாய். இரும்பு என்றால் எர்த் கம்பி கட்டாயம்.

பிரிப்புத் தட்டுதான் இந்த லேத்தின் உயிர். 200 மி.மீ. விட்டம், 6 மி.மீ. அலுமினியம். வெளி வட்டத்தில் 96 துளை: வட்டத்தை 2, 3, 4, 6, 8, 12, 16, 24 பாகமாகப் பிரிப்பதெல்லாம் இதிலேயே வந்துவிடும். உள்வட்டங்களில் 120 இருந்தால் ஐந்திதழ், பத்திதழ்ப் பூக்கோலமும், 112 இருந்தால் ஏழிதழும் கிடைக்கும். தட்டு பெரிதாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 95 மி.மீ. ஆரத்தில் ஒரு துளை 0.1 விலகினாலும், 50 மி.மீ. விட்டமுள்ள மர டப்பாவின் விளிம்பில் அது 0.026 ஆகச் சுருங்கிவிடும். சின்னத் தட்டில் பெரிய டப்பா செய்தால் பிழை பெருகும். லேசரில் வெட்டிய துளை ஒரு பக்கம் அகன்றிருக்கும். அதனால் சற்றுச் சின்னதாக வெட்டச் சொல்லி, துளையைச் சீராக்கும் 3 மி.மீ. ரீமரால் தேய்த்தெடுங்கள். தட்டை நிறுத்தத் துளைக்குள் விழும் பின்னின் (ஊசியின்) முனையைக் கூம்பாகச் சாணை பிடித்தால் துளையில் ஆட்டமே இருக்காது. பின் விழுந்த பிறகு ஸ்பிண்டிலைத் தனிப் பூட்டால் இறுக்க வேண்டும். வெட்டும் விசையைப் பின் தாங்கினால் அது வளைந்து கொடுக்கும்.

ஸ்லைடுக்கு மலிவான எக்ஸ்-ஒய் மேசை வாங்கினால் முதல் வேலை அதன் கிப்பை (ஆட்டத்தைக் குறைக்கும் பட்டையை) இறுக்குவது. கட்டரின் முனை ஸ்பிண்டில் மையத்தின் உயரத்திலேயே இருக்க வேண்டும். ஹெட்ஸ்டாக்கில் கூர்முனை மாட்டி, கட்டர் முனையை அதன் மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து பாருங்கள். இதழ்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ நடுவில் குமிழ் நின்றாலோ உயரம்தான் தப்பு. மெல்லிய பித்தளைத் தகடு அடியில் கொடுத்துச் சரிசெய்யலாம்.

கட்டர் விஷயத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அலங்காரக் கடைசலுக்கு உப்புத்தாள் கிடையாது. தேய்த்தால் கூர்விளிம்பெல்லாம் மழுங்கி, பட்ட பாடு வீண். ஆக மெருகு முழுவதும் கட்டரிலிருந்தே வர வேண்டும். எச்எஸ்எஸ் (வெட்டுக்கருவி எஃகு) துண்டை 60 பாகை முனையாகச் சாணை பிடித்து, 1000, 3000 கல்லில் தீட்டி, கடைசியில் தோல்வாரில் இழுங்கள். முனையில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் மரத்தில் கோடாக விழும். மரம் கருகினால் கட்டரின் குதிகால் (கூர்விளிம்புக்குப் பின்பக்கம்) உரசுகிறது என்று அர்த்தம், பின்சரிவைக் கூட்டுங்கள். கட்டருக்கு நிமிடத்துக்கு 5000 சுற்று போதும். முதல் வெட்டு 0.5 மி.மீ., கடைசி வெட்டு 0.1க்கு உள்ளே.

மரம் நெருக்கமான ரேகை உள்ளதாக இருக்கணும். தூங்குமூஞ்சி மரம் இங்கே எளிதாகக் கிடைத்தாலும் இதற்கு ஆகாது, நுண்ணிய விளிம்பு உதிர்ந்துவிடும். பாக்ஸ்வுட் அருமை. கருங்காலி அதைவிட அருமை, ஆனால் கருங்காலி மாலை மோகத்தில் சாயம் ஏற்றிய கட்டைகளும் விற்பனைக்கு வருகின்றன. பிளேடால் சுரண்டி உள்ளேயும் கறுப்பா என்று பார்த்து வாங்குங்கள். ஆப்பிரிக்க பிளாக்வுட் சைட்டிஸ் (அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி விதிகளைப் பாருங்கள். பழைய நூல்கள் புகழும் யானைத் தந்தத்தை மறந்துவிடுங்கள். 2021 செப்டம்பர் 1 முதல் அதன் விற்பனையே இங்கே தடை. கருமரங்களின் தூசி பலருக்கு ஒவ்வாது, என்95 முகக்கவசமும் தூசி உறிஞ்சும் வேக்யூம் குழாயும் வேண்டும்.

கட்டரின் கீச்சொலி காற்றைவிட மேசைக்கால் வழியாகத்தான் கீழ்வீட்டுக்கு இறங்கும். லேத்துக்கு அடியில் கான்கிரீட் பலகை, அதற்கு அடியில் தடித்த ரப்பர். இரவு 10 முதல் காலை 8 வரை கட்டரை ஓட்டாதீர்கள், அந்த நேரத்தில் கட்டரைக் கல்லில் கையால் தீட்டலாம்.

டப்பா மூடியைக் குளிர்சாதன அறையில் இறுக்கமாகப் பொருத்தாதீர்கள். வெளியே வந்து ஈரம் குடித்ததும் மூடி திறக்காது. மெருகுக்கு வார்னிஷ் வேண்டாம், வெட்டுகளுக்குள் தேங்கி வேலைப்பாட்டையே மறைத்துவிடும். மெழுகைப் பழைய பல் துலக்கியால் மிக மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் வேறொரு சுத்தமான துலக்கியால் தேய்த்தெடுங்கள்.