வில்லைத் திருப்பிக் குடுத்தவன் துரோகியா?

நேத்து ராத்திரி வாசிப்புக் கூட்டத்துல, பழைய கிரேக்க நாடகக்காரர் சோஃபக்ளிஸோட "பிலாக்டீட்டஸ்" பத்திப் பேசினப்போ நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும், மறுபடி முதல்ல இருந்து சொல்லல. பேசினவர் நிறைய படிச்சவர், அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா அதுல வர்ற நியோப்டாலமஸை "சென்டிமென்ட்ல காரியத்தைக் கோட்டை விட்ட பையன்", "சொந்தப் படைக்கே துரோகம் பண்ணவன்"னு சொல்லி, எல்லாரும் சிரிச்சதும் அடுத்த நாடகத்துக்குப் போயிட்டார் பாருங்க, அதுதான் மனசு ஆறல. கை தூக்கினேன், டைம் இல்லன்னுட்டாங்க. அதனால இங்க எழுதுறேன்.

அவன் துரோகி இல்லீங்க. அந்த நாடகத்துலயே வீரம்னு ஒன்னு இருந்தா அது அவன் வில்லைத் திருப்பிக் குடுக்குற இடம்தான்.

கதை தெரியாதவங்களுக்காக. பிலாக்டீட்டஸ், ட்ராய் நகரத்து மேல போருக்குப் போன கிரேக்கப் படையில ஏழு கப்பலோட கிளம்பின தலைவன், ஹோமரோட இலியட் காவியத்துலயே அவன் பேரு வருது. வழியில பாம்பு கடிச்சு கால்ல புண்ணு. அழுகி நாத்தம் வேற, வலி வந்தா கத்துற கத்துல படையில நிம்மதியா ஒரு பூஜை பண்ண முடியலையாம். இதைக் காரணமா சொல்லி, அவன் தூங்குற நேரமா பாத்து லெம்னோஸ் தீவுல விட்டுட்டுப் போயிட்டாங்க. தலைவர்கள் சொல்ல, செஞ்சவன் அதே படையில இருந்த தந்திரக்காரன் ஒடிசியஸ். பத்தாவது வருஷம், அவன் கையில இருக்குற ஹெர்குலிஸோட வில் இல்லாம ட்ராய் விழாதுன்னு ட்ராய் குறிகாரன் ஹெலனஸ் சொன்னதும் அதே ஒடிசியஸ் திரும்ப வர்றான். தான் நேர்ல போனா அம்பு பாயும்னு தெரியும், அதனால செத்துப்போன மாவீரன் அக்கிலிஸோட மகன் நியோப்டாலமஸை, சின்னப் பையனை, முன்னாடி தள்ளுறான். பொய் சொல்லி நம்ப வை, வில்லை வாங்கிடு. பையன் அப்பவே சொல்றான், பலவந்தமா வேணா இழுத்துட்டு வர்றேன், ஏமாத்த மாட்டேன், கெட்ட வழியில ஜெயிக்கிறதை விட நேர்மையா தோத்துட்டுப் போறேன்னு. அதுக்கு ஒடிசியஸ் சொல்ற பதில் என்ன? ஒரு நாள்ல கொஞ்ச நேரம் மட்டும் வெக்கத்தை விட்டுட்டு நான் சொல்றதைக் கேளு, அப்புறம் காலம் பூரா உத்தமன்னு பேர் வாங்கிக்கோ. இந்த வாய்க்கு முன்னாடி அந்த வயசுப் பையன் என்ன பண்ணுவான்?

"படைக்கு விசுவாசமா இருக்கணும்ல"ன்னு கேக்குறவங்க அந்த முதல் காட்சியை இன்னொரு தடவை படிங்க. நீ சத்தியம் பண்ணிட்டுக் கப்பல் ஏறினவன் இல்ல, கட்டாயப்படுத்தி வந்தவனும் இல்ல, முதல் படையெடுப்புலயும் இல்ல, அதனாலதான் உன்னை அவன் நம்புவான்னு ஒடிசியஸே சொல்றான். பையனோட கை சுத்தமா இருக்குங்கிறதையே தூண்டில் முள்ளா ஆக்குறான். யார் யாருக்கு துரோகம் பண்ணா?

பிலாக்டீட்டஸ் தங்கியிருக்குற குகையைப் பையன் எட்டிப் பாக்குற இடம் ஒன்னு இருக்கு. உள்ள இலை தழையை அமுக்கிப் படுத்த படுக்கை, வேலை தெரியாதவன் செதுக்கின மாதிரி ஒரு மரக் குவளை, தீ மூட்டுற சாமான். பக்கத்துல சீழ் ஊறின துணிங்க வெயில்ல காயுது. அவ்வளவுதான் பத்து வருஷ வாழ்க்கை.

எனக்கு அந்தத் துணி தெரியும். எங்க பெரியப்பாவுக்கு சுகர், கால் புண்ணு ஆறவே இல்ல. கொல்லைப்பக்கம் கொட்டகையை ஒட்டின ரூம்ல கட்டில் போட்டு விட்டாங்க, கட்டுத்துணி துவைச்சுக் கொடியில தொங்கும், விசேஷம்னு ஆளுங்க வந்தா அந்தக் கதவைச் சாத்திடுவாங்க. நாத்தமாம். அப்புறம் ஒரு நாள், அவர் கையெழுத்து இல்லாம நிலத்தை விக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் ஆப்பிள், ஹார்லிக்ஸ், நாலு கார். இத்தனை வருஷம் கதவைத் தாண்டாத சொந்தமெல்லாம் கட்டில் ஓரத்துல உக்காந்து "எப்படி இருக்கீங்க"ன்னு கையைப் பிடிச்சாங்க. அவர் போடல. உடனே என்ன பேரு வச்சாங்க தெரியுமா? பிடிவாதக் கிழவன். நேத்து பிலாக்டீட்டஸுக்கும் அதே பேருதான் குடுத்தாங்க, "ஈகோ புடிச்ச நோயாளி"ன்னு. என்னால சிரிக்க முடியலங்க.

சரி, "ட்ராய்ல ஆயிரக்கணக்கான பேர் செத்துட்டு இருக்கும்போது ஒருத்தன் மனசு முக்கியமா"ன்னு ஒரு நண்பர் இன்பாக்ஸ்ல கேட்டார். நல்ல கேள்விதான். ஆனா அந்தக் கேள்வியை ஒடிசியஸ் நேரா பிலாக்டீட்டஸ் முன்னாடி வந்து கேட்டிருக்கலாமே? பண்ணது தப்பு, மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நாடகம் பூரா தேடிப் பாருங்க, அவன் வாயில இருந்து அந்த ஒரு வார்த்தை வரவே வராது. நாடு நாடுன்னு பேசுறவங்க எல்லாம் இந்த ஒரு வார்த்தையைத்தான் முழுங்கிடுறாங்க.

"அதே நியோப்டாலமஸ்தானே அப்புறம் பலிபீடத்துல வச்சு ட்ராயோட கிழ ராஜா ப்ரையமைக் கொன்னான்?" ஆமா, கொன்னான். அதை நான் மறைக்கல. சோஃபக்ளிஸும் மறைக்கல, கடைசியில தெய்வமாயிட்ட ஹெர்குலிஸ் வந்து ட்ராயை அழிக்கும்போது தெய்வ பக்தியோட நடந்துக்கோங்கன்னு எச்சரிக்கிறதே அதுக்குத்தான்னு நான் நினைக்கிறேன். ஆனா பின்னாடி செஞ்ச பாவத்தைக் காட்டி முன்னாடி செஞ்ச நல்லதை அழிக்க முடியாது. அதோட அந்தப் பாயிண்ட்டை முடிச்சுக்கிறேன்.

நான் ஒடிசியஸை வெறுக்கிறவன்னு சொல்லிடாதீங்க. இதே சோஃபக்ளிஸோட அஜாக்ஸ் நாடகத்துல, தன் பரம எதிரி அஜாக்ஸ் செத்த பிறகு அவனை அடக்கம் பண்ண விடணும்னு படைத் தலைவன் அகமெம்னோன்கிட்ட வாதாடுறவன் ஒடிசியஸ்தான். அங்க அவனைப் பாத்துக் கும்பிடத் தோணும். இங்க தோணல.

இன்னொன்னு, இது நேத்து யாருமே சொல்லல. ஈஸ்கிலஸும் யூரிப்பிடிஸும் கூட இதே பிலாக்டீட்டஸ் கதையை நாடகமா எழுதினவங்க, ரெண்டும் இப்ப முழுசா கிடைக்கல. அந்த ரெண்டுலயும் இந்தப் பையன் கிடையாது. சோஃபக்ளிஸ்தான் அவனைக் கொண்டு வந்து நடுவுல நிறுத்தினார், மனுஷங்க இருந்த லெம்னோஸை ஆளே இல்லாத தீவா மாத்தினதும் அவர்தான். கிமு 409-ல இது மேடையேறினப்போ அவருக்குக் கிட்டத்தட்ட 90 வயசு. சிசிலியில ஏதென்ஸ் படை அழிஞ்சு நாலு வருஷம், ஊருக்குள்ள ஜனநாயகத்தைக் கவுத்த 411 கலவரம் முடிஞ்சு ரெண்டே வருஷம். யாரை நம்புறதுன்னு தெரியாம இருந்த ஒரு ஊருக்கு முன்னாடி, நம்பினவனை ஏமாத்த முடியாம தவிக்கிற பையனை நிறுத்தினார். நாடகப் போட்டியில முதல் பரிசும் குடுத்தாங்க. அவனைப் போய் நாடகத்தோட பலவீனம்னா எப்படி?

வலி வர்றப்போ பிலாக்டீட்டஸ் வில்லை அவன் கையில குடுத்துட்டு, போயிட மாட்டியேன்னு கேக்குறான். சத்தியம் வாங்க எனக்கு மனசு வரல, கையை மட்டும் குடுன்றான். பையன் கையைக் குடுக்குறான். அப்புறம் அவன் அசந்து தூங்குறான், கூட இருக்குற மாலுமிங்க இதான் சமயம் கிளம்புன்றாங்க. ஒரு தடவை தூங்கும்போதுதான் எல்லாரும் விட்டுட்டுப் போனாங்க, ஞாபகம் இருக்கா? இந்தத் தடவை கண்ணு முழிச்சுப் பாத்தா பையன் அங்கயே நிக்கிறான். அதுக்கப்புறம்தான் உண்மையைச் சொல்றான். உடனே வில்லைக் குடுத்துடவும் இல்ல, வில்லோட கிளம்பிப் போய், பாதியில திரும்பி வந்து, ஒடிசியஸ் வாளுல கை வச்சு மிரட்டியும் குடுக்குறான். வில் கைக்கு வந்ததும் பிலாக்டீட்டஸ் ஒடிசியஸ் மேல அம்பு விடப் போறான், அந்தக் கையைப் பிடிச்சுத் தடுக்கிறவன் யாரு? இதே "துரோகி"தான். படையைக் காட்டிக் குடுக்குறவன் அதைப் பண்ணுவானா? அப்புறம் பொய் கலக்காம, ட்ராய்க்கு வந்தா உன் புண்ணும் ஆறும்னு கெஞ்சுறான். முடியாதுன்னதும், சரி வா உன்னை வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்றான். ட்ராயை ஜெயிச்ச பேரு, அப்பா பேரைக் காப்பாத்துற வாய்ப்பு, எல்லாத்தையும் விட்டுட்டு. ஹெர்குலிஸ் மட்டும் மேல இருந்து வராட்டி ரெண்டு பேரும் ஊருக்குத்தான் போயிருப்பாங்க.

எங்க பெரியப்பா கட்டிலுக்குப் பக்கத்துல அப்படி ஒருத்தன் கூட நிக்கல. வந்த நாலு காரும் அன்னைக்கு சாயந்திரமே போயிடுச்சு.

அடுத்த வாரம் அஜாக்ஸ் கூட்டத்துக்கு நான் வர்றேன். ஏற்பாடு பண்றவங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும், எனக்கு முதல்ல அஞ்சு நிமிஷம் குடுங்க. பேசினவர் "துரோகம்"ங்கிற அந்த வார்த்தையை எல்லார் முன்னாடியும் திரும்ப எடுத்துக்கணும், இல்ல எந்தக் காட்சியை வச்சு சொன்னார்னு காட்டணும்.