மூணு லினக்ஸ் ஓட்ட புது லேப்டாப் எதுக்கு?

கல்லூரிக்குப் போகும் பிள்ளை விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் மூன்று வகைகளை ஒரே கம்ப்யூட்டரில் போட்டுப் பழகட்டும் என்று செலரான் ப்ராசஸர், போர்டிலேயே பற்றவைத்த 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே ஒட்டிய சேமிப்புச் சிப்) போட்ட புது லேப்டாப்பை வாங்கிக் கொடுப்பது வீண் செலவு. ஒரு லினக்ஸுக்கே அது திணறலாம். மூன்று போட இடமில்லை, ரேமைக் கூட்டவும் வழியில்லை.

அந்தக் காசுக்கு ஆபீஸில் ஓடிய பழைய டெஸ்க்டாப்பைத் தேடுங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர், எதுவானாலும் சரி. இன்டெல் 6 அல்லது 7-ஆம் தலைமுறை ஐ5 போதும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறைகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆபீஸ்கள் கழித்துவிடக் காரணம் அவ்வளவுதான், பெட்டிக்குக் கோளாறு ஒன்றும் இல்லை.

கடையில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். குமரி மாவட்டத்துக் குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் ஓடிய பெட்டி என்றால் பின்பக்க யுஎஸ்பி, லேன் துளைகளில் பச்சை பூத்திருக்கும். ரேம் காலில் படிந்ததை அழிரப்பரால் துடைத்துவிடலாம். போர்டில் பூத்திருந்தால் பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள். பிறகு பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) போய்ப் பாருங்கள். பழைய ஆபீஸின் பாஸ்வேர்டு கேட்டால் அதைக் கடைக்காரரே எடுத்துத் தரவேண்டும், இல்லாவிட்டால் எதிலிருந்து முதலில் எழவேண்டும் என்ற பூட் வரிசையைக்கூட மாற்ற முடியாது. தேதி பின்னால் போயிருந்தால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் மாற்றினால் தீர்ந்தது. பவர் சப்ளை மட்டும் கவனம்: பல மாடல்களில் அது கம்பெனிக்கே உரிய அளவு, எரிந்தால் சாதாரண ஏடிஎக்ஸ் அளவு சப்ளை பொருந்தாது.

மிச்சக் காசு முழுவதும் எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும். 512 ஜிபி எஸ்எஸ்டி. ரேம் 8 ஜிபி வீதம் இரண்டு. ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டாகப் போடுவது நல்லது, இரண்டும் சேர்ந்து ஓடினால் ரேம் வேகம் கூடும், ஆன்போர்டு கிராபிக்ஸும் அந்த ரேமைத்தான் பங்கு போடுகிறது. கையடக்க மைக்ரோ மாடலுக்கு லேப்டாப் ரேம்தான் சேரும்.

இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பயாஸில் சேட்டா மோடு (டிஸ்க்கோடு பேசும் முறை) ரெய்டில் கிடக்கும், ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். மூன்று லினக்ஸையும் யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையிலேயே போடுங்கள். ஒன்று பழைய லெகசி முறை, ஒன்று யுஇஎஃப்ஐ என்று கலந்தால் ஒரே மெனுவில் இரண்டும் திறக்காது. எஸ்எஸ்டியை இப்படிப் பிரியுங்கள்: பூட் ஃபைல்களுக்கு 1 ஜிபியில் ஒரே இஎஃப்ஐ பார்ட்டிஷன், ஒவ்வொரு லினக்ஸுக்கும் சிஸ்டம் உட்கார 40 ஜிபி ரூட், மூன்றுக்கும் சேர்த்து 8 ஜிபி ஸ்வாப் (ரேம் நிறைந்தால் உதவும் இடம்), மீதி முழுக்க டேட்டா. பயனரின் ஃபைலும் செட்டிங்ஸும் இருக்கும் ஹோம் ஃபோல்டரை மூன்றுக்கும் பொதுவாக வைக்காதீர்கள். ஒரு டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸை இன்னொன்று குழப்பிவிடும்.

பலரும் மாட்டுவது இனிமேல்தான். உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளும் இஎஃப்ஐயில் 'உபுண்டு' என்ற ஒரே ஃபோல்டரில்தான் எழுதும்; பின்னால் போட்டது முன்னதன் பூட் ஃபைல்களை அழித்துவிடும். உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று எடுத்தால் இந்தச் சண்டையே இல்லை. எந்த லினக்ஸ் வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவான கிரப்பில், 2.06 பதிப்பு முதல், மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைந்திருக்கும், அதனால் மற்ற லினக்ஸ் மெனுவில் வராமல் போகலாம். கிரப் செட்டிங்ஸில் அதை இயக்கி மெனுவைப் புதுப்பிக்கவேண்டும். மூன்றாவதைப் போடும்போது இன்ஸ்டாலர் ஸ்வாப்பை ஃபார்மட் செய்தால் அதன் அடையாள எண்ணான யுயுஐடி மாறிவிடும், பழைய இரண்டும் பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் தேடிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டிலும் பார்ட்டிஷன் பட்டியலான எஃப்எஸ்டேபில் புது எண்ணை எழுதினால் சரியாகும். பொது ஸ்வாப் இருக்கும்வரை ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை ஸ்வாப்பில் எழுதிவிட்டு அணைப்பது) வேண்டாம். (பத்து லினக்ஸ் வகைகளை ருசி பார்க்கும் ஆசைக்கு, கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டராக ஓடும் விர்ச்சுவல் மெஷின் இருக்கிறது, பார்ட்டிஷனை வதைக்கவேண்டாம்.)

நம்மூரில் இரண்டு பருவமழையும் உண்டு, கரண்ட் போவதும் உண்டு. இன்வெர்ட்டர் ஈக்கோ மோடில் இருந்தால் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் நொடியில் கம்ப்யூட்டர் அணையலாம். யுபிஎஸ் மோடில் வையுங்கள். இடி வெட்டும் சாயங்காலத்தில் பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள், மின்னல் அந்த வழியாகவும் போர்டுக்குள் இறங்கும்.