எண்டோஸ்கோப்பி நார்மல்னா எதுக்களிப்பு இல்லைன்னு ஆகிடாது

அண்ணே, “எண்டோஸ்கோப்பி நார்மல், அதனால தொண்டைக் கரகரப்புக்கு எதுக்களிப்பு காரணமே இல்ல”ன்னு நீங்க எழுதியிருக்கிறது தப்பு. எதுக்களிப்பு உள்ள பலருக்கு உணவுக்குழாய்ல ஒரு புண்ணும் இருக்காது.

சந்தேகம் தீர 24 மணி நேர பிஹெச் இம்பிடன்ஸ் சோதனை இருக்கு; அமிலமோ வேற திரவமோ உணவுக்குழாய்ல மேல ஏறி வருதான்னு நாள் முழுக்க அளக்கிறது. மூக்கு வழியா மெல்லிய குழாய், இடுப்புல பதிவுக் கருவி. சாப்பிட, படுக்க, இரும, ஒவ்வொண்ணுக்கும் பட்டனை அமுக்கணும். அமிலமில்லாத எதுக்களிப்பையும் பிடிச்சிடும். மொத்த நேரத்துல 6 சதவீதத்துக்கு மேல உணவுக்குழாய்ல அமிலம் நின்னா நோய் உறுதி. 4-க்குக் கீழன்னா இயல்பு.

தயவுசெஞ்சு சோதனை அன்னைக்கு மட்டும் பத்தியம் இருக்காதீங்க. நம்ம மதுரையில ராத்திரி 11 மணிக்குப் பரோட்டா சால்னா சாப்பிட்டுப் படுக்கிறவர், அன்னைக்கும் அப்படியே செஞ்சாத்தான் உண்மை தெரியும். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை எப்ப நிறுத்தணும்னு குடல் டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க.