மாதச் சந்தா கட்டியாச்சு, அப்புறம் எதற்கு இன்னொரு காசு?

போன வாரம் கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பொறுமையாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரே ஸ்ட்ரீமிங் சேவையின் பெயரில் மாதம் இரண்டு தடவை பணம் போயிருக்கிறது. ஒன்று வழக்கமான சந்தா. இன்னொன்று 99 ரூபாய், ஏழு மாதமாக. ஒரு மலையாளப் படம் பார்க்க அப்பா இலவச டிரையல் என்று எதையோ அழுத்தியிருக்கிறார், ஓடிபி கேட்டு போன் செய்தார், அவசரத்தில் நானும் சொல்லிவிட்டேன்.

அந்த 99 ரூபாய் ஒரு ஆட்-ஆன் சேனலுக்கு, அதாவது பெரிய ஸ்ட்ரீமிங் சேவைக்குள்ளேயே தனிச் சந்தாவுக்கு விற்கப்படும் இன்னொரு சேவைக்கு. அது ஒரு தனிக் கடை. பெரிய சேவை அதற்குத் தன் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்திருக்கிறது, கல்லாப்பெட்டியையும் தானே வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்தியாவில் 2021 செப்டம்பரில் அமேசான் பிரைம் வீடியோ இதைக் கொண்டுவந்தபோது மூபி, ஹொய்சொய், மனோரமா மேக்ஸ் என்று எட்டு சேனல்கள் இருந்தன. இன்று இப்படி விற்பவர்கள் பலர். வங்காளப் படமோ உலக சினிமாவோ தேடுகிறவருக்கு இது நல்ல வசதி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே வாங்கிய சந்தாவை வைத்துக்கொண்டு அந்தச் சேனலின் சொந்தச் செயலிக்குள் பல நேரம் நுழைய முடியாது. அதேபோல அங்கே ஏற்கெனவே காசு கட்டியிருந்தாலும் இங்கே மறுபடி கேட்பார்கள். இதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

எனக்குக் கோபம் வருவது தேடல் பக்கத்தைப் பார்த்தால்தான். நம் சந்தாவில் இருக்கும் படமும் தனிக் காசு கேட்கும் படமும் ஒரே வரிசையில், ஒரே அளவு போஸ்டரோடு நிற்கின்றன. வித்தியாசம் ஒரு சின்னக் குறி மட்டும். எழுபது வயதுக் கண்ணுக்கு, பத்தடி தள்ளி இருக்கும் டிவியில், அது எப்படித் தெரியும்? 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் புதிய கேபிள் கட்டண முறையைக் கொண்டுவந்தபோது எத்தனை குழப்பம் இருந்தாலும் சன் டிவி 19 ரூபாய், விஜய் டிவி 17 ரூபாய் என்று சேனலுக்குச் சேனல் விலை கண்ணெதிரே இருந்தது. ஓடிடி என்கிற இந்த ஸ்ட்ரீமிங் சேவைகளுக்கு அந்தக் கட்டண விதி பொருந்தாது.

ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படி மாதாமாதம் கார்டில் தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். வந்தது, ஏழு தடவையும் வந்தது. ஆனால் அதில் பெரிய சேவையின் பெயர்தான், சேனலின் பெயர் இல்லை. வழக்கமான சந்தா என்றே நினைத்துக் கடந்துவிட்டேன். 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகை என்றால் முதல் தடவைக்குப் பிறகு ஓடிபியும் கேட்காது. குறுஞ்செய்தியில் சேனலின் பெயரையும், தேடலில் படத்தின் மேலேயே மாத விலையையும் போடுவதற்கு இவர்களுக்கு என்ன கஷ்டம்?

செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பிரவுசரில் கணக்குக்குள் போய், சந்தாக்கள் பகுதியில் சேனலைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். பல சேவைகளில் டிரையல் எடுத்த அன்றே ரத்து செய்தாலும் மீதி நாட்கள் பார்க்கலாம், அதனால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் அப்பா அம்மா கணக்கையும் இன்றைக்கே ஒரு தடவை திறந்து பாருங்கள்.

ரத்து செய்வதற்கு முன் அப்பாவிடம் கேட்டேன், அந்தச் சேனல் வேண்டுமா என்று. "அந்த ஒரு படம்தான்பா, அன்னைக்கே பாத்து முடிச்சாச்சே" என்றார்.