மக்காச்சோளத்தில் மரபணுத் திருத்தம்: என் ஆட்சேபணை வேறு இடத்தில்

மரபணு என்று எழுதினாலே போதும், இங்கே இரண்டு அணி பிரிந்துவிடும். ஒரு அணி, வெளி மரபணு செருகிய பி.டி. கத்தரிக்காயைத் தூக்கிக்கொண்டு வரும், மற்ற அணி 'அறிவியலுக்கு எதிரி' என்று முத்திரை குத்தும். இரண்டுக்கும் பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். மக்காச்சோளத்தில் மரபணுத் திருத்தம் செய்வதை, அதாவது செடியில் ஏற்கனவே இருக்கும் மரபணுவையே குறிபார்த்து மாற்றுவதை, நான் ஆதரிக்கிறேன். அது யார் கையில் இருக்கிறது, எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை.

கென்யாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2011-இல் அங்கே போமெட் பகுதியில் மக்காச்சோளம் ஒரு புது நோயில் காய ஆரம்பித்தது. இலை ஓரத்தில் மஞ்சள் பிடித்து உள்நோக்கிக் காயும். நடுக்குருத்து செத்துப்போகும். தப்பித்த செடியில் கதிர் வந்தாலும், உரித்துப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பொக்கு மணி. இரண்டு வைரஸ்கள் ஒரே செடியில் சேர்ந்துகொண்டு அடிக்கிற அடி இது. ஒன்றை இலைப்பேன் பரப்பும், மற்றொன்றை அசுவினி பரப்பும். சில ஆண்டுகளில் தான்சானியா, உகாண்டா, ருவாண்டா, எத்தியோப்பியா என்று போய்விட்டது. மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலிதான் கென்யாவில் அன்றாடச் சாப்பாடு. அந்த ஊரில் இந்த நோய் என்றால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

2013-இல் நைவாஷாவில் இந்த நோய்க்கென்றே ஒரு சோதனைப் பண்ணை திறந்தார்கள். ரகங்களை நட்டு, வேண்டுமென்றே நோயை ஏற்றிப் பார்த்ததில், கடையில் விற்றுக்கொண்டிருந்த ரகங்களில் பெரும்பாலானவை படுத்துவிட்டன. தாக்குப்பிடித்தவற்றில் ஒன்று தாய்லாந்திலிருந்து வந்த கே.எஸ்.23 வகை. ஆனால் அதை அப்படியே கென்ய விவசாயியிடம் கொடுக்க முடியாது, அந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகிய ரகம் இல்லை அது. அதிலிருக்கும் எதிர்ப்புக் குணத்தை மட்டும் எடுத்து ஆப்பிரிக்க ரகங்களுக்குள் கொண்டுபோக வேண்டும்.

இந்த 'மட்டும்'தான் கஷ்டம். வழக்கமான முறையில் இரண்டையும் ஒட்டுச் சேர்த்தால் பிறக்கும் செடியில் பாதி தாய்லாந்து, பாதி ஆப்பிரிக்கா. அதை மறுபடி ஆப்பிரிக்க ரகத்தோடு சேர்த்தால் கால்வாசி. அப்புறம் அரைக்கால். இப்படி ஆறு முறை திரும்பத் திரும்பச் சேர்த்த பிறகும் கிட்டத்தட்ட ஒரு விழுக்காடு அந்நிய சொத்து ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டிய மரபணுவுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவை லேசில் விலகாது. விளைச்சலைக் குறைக்கும் குணம் ஏதாவது அங்கே இருந்தால் அதுவும் கூடவே வந்துவிடும். போதாததற்கு இது ஒடுங்கிய பண்பு. அம்மா, அப்பா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வேலை செய்யும். அதனால் வீரிய ஒட்டு ரகத்தின் இரண்டு பெற்றோர் வரிசைகளிலும் இதே பாட்டைப் படவேண்டும்.

மரபணுத் திருத்தம் என்றால், விவசாயிக்கு ஏற்கனவே பழகிய ரகத்திலேயே அந்த ஒரு இடத்தைப் போய் மாற்றலாம். மகரந்தம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆன கதிரிலிருந்து, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத கருவைத் தோண்டி எடுப்பார்கள். மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்கிற 'கத்திரி'யை அதற்குள் அனுப்பி, வெட்டு விழுந்த பின் திசுவை வளர்த்துச் செடியாக்குவார்கள். அடுத்த தலைமுறையில் கத்திரிக்கான மரபணு இல்லாத செடிகளை மட்டும் பொறுக்கிக்கொள்வார்கள். கடைசியில் இருப்பது அந்தத் திருத்தம் மட்டும்தான். கென்யாவின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும், மெக்சிகோவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையமான சிம்மிட்டும், கார்ட்டெவா என்கிற அமெரிக்க விதைக் கம்பெனியும் சேர்ந்து இந்த நோய்க்கு எதிராக இந்த வழியில்தான் போகிறார்கள். இதை எதிர்க்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

'கண்ட இடத்தில் வெட்டு விழுந்தால்?' என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான், சோதித்துப் பார்க்கவும் வேண்டும். ஆனால் பயிர் எது என்றும் பாருங்கள். மக்காச்சோளத்தின் மரபணுத்தொகுதியில் சுமார் 85 விழுக்காடு, இடம் விட்டு இடம் தாவக்கூடிய துண்டுகளும் அவற்றின் மிச்சங்களும்தான். கதிர்மணிகளின் நிறத்திட்டுகளை வைத்தே பார்பரா மெக்கிளிண்டாக் இதைக் கண்டுபிடித்தார். 1983-இல் நோபல் கிடைத்தது, அதுவும் எத்தனையோ காலம் கழித்து. யாரும் கைவைக்காமலேயே இவ்வளவு கலைந்து கலைந்து சேர்ந்த பயிரில், குறிபார்த்துச் செய்யும் ஒரு வெட்டை மட்டும் பெரிய விபரீதமாக என்னால் பார்க்க முடியவில்லை.

என் சண்டை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், இதே கத்திரியை மக்காச்சோளத்தில் வணிகத்துக்காக முதலில் எதற்கு எடுத்தார்கள் என்பதில். 2016-இல் டூபாண்ட் பயனியர் என்கிற அமெரிக்க விதைக் கம்பெனி அறிவித்தது பசைச் சோளம். மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. சாதாரண மக்காச்சோள மாவுச்சத்தில் முக்கால் பங்கு பசைத்தன்மையுள்ள அமைலோபெக்டின், கால் பங்கு அமைலோஸ். ஒரு மரபணுவை நிறுத்திவிட்டால் கிட்டத்தட்ட முழுக்க அமைலோபெக்டின். குழம்பு கெட்டியாக, காகிதம் ஒட்ட, பாக்கெட் உணவுகளுக்கு என்று ஆலைகளுக்கு அது தேவை. (இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்கு ஆசிய மரவள்ளி மாவு வராமல் போனதால்தான் அமெரிக்கா இந்தச் சோளத்தைப் பிடித்துக்கொண்டது. சேலத்து ஜவ்வரிசித் தொழிலும் அதே போர்க்காலத்தில்தான் வேர்விட்டது.) 25 இடங்களில் நட்டுப் பார்த்ததில், பழைய முறையில் வந்த பசைச் சோளத்தைவிட ஏக்கருக்குச் சராசரியாக 5.5 புஷல், அதாவது 140 கிலோ போலக் கூடுதல் விளைச்சல். 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பணம் இருக்கும் இடத்துக்குத்தான் கத்திரி முதலில் போகும்.

நம் ஊருக்கு வருவோம். பெரம்பலூரிலோ திண்டுக்கல்லிலோ மக்காச்சோளம் போடுபவரிடம் என்ன பிரச்சினை என்று கேட்டால் படைப்புழு என்பார். 2018-இல் வந்தது, இன்னும் குருத்துக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. இருக்கும் மரபணுவை நிறுத்தும் சின்ன வெட்டால் அதை ஒரேயடியாக விரட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பி.டி. மாதிரி நச்சுப்புரதம் வேண்டுமென்றால் வெளியிலிருந்து மரபணு கொண்டுவரவேண்டும், அது வேறு கதை, வேறு சட்டம்.

'விதை நம் கையை விட்டுப் போய்விடும்' என்கிற வாதமும் மக்காச்சோளத்தில் எடுபடாது. அது எப்போதோ போய்விட்டது. வீரிய ஒட்டு விதையை எடுத்துவைத்து அடுத்த போகம் போட்டால் விளைச்சல் விழும். அதனால் வருடா வருடம் பை வாங்கித்தான் ஆகவேண்டும். இங்கே கேட்கவேண்டியது, அந்தப் பைக்குப் பின்னால் இருக்கும் பெற்றோர் வரிசை யாருடையது, கத்திரியின் காப்புரிமை யாருடையது என்பதைத்தான். பயிர்களுக்கான கிரிஸ்பர் உரிமைகளில் பெரும் பங்கு டூபாண்ட் பயனியர் வழிவந்த கார்ட்டெவாவிடமும் அமெரிக்காவின் பிராட் ஆராய்ச்சி நிறுவனத்திடமும் இருக்கிறது.

2022 மார்ச்சில் நம் ஒன்றிய அரசு, வெளி மரபணு இல்லாத திருத்தப் பயிர்களுக்குப் பழைய கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தது. 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்களும் அறிவிக்கப்பட்டன, இரண்டும் அரசு நிறுவனங்களின் வேலை. அந்த வழி சரி. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தன் சொந்த மக்காச்சோள ஒட்டு ரகங்களின் பெற்றோர் வரிசைகளில் இதே வேலையைச் செய்யட்டும். நம் பக்கம் வாட்டும் அடிச்சாம்பல் நோயிலிருந்து ஆரம்பிக்கலாம், வறட்சியிலும் கைவைக்கலாம். விலக்கு கொடுத்ததற்குப் பதிலாக அரசு ஒன்று மட்டும் கட்டாயமாக்கவேண்டும்: எந்த ரகத்தில், எந்த மரபணுவில் கைவைத்தார்கள், காப்புரிமைக்கு எவ்வளவு போகிறது, இந்த மூன்றையும் விதைப் பையில் தமிழில் அச்சிடவேண்டும்.