கைப்பம்புகளை எண்ணிவிட்டு உட்காருங்கள்

இங்கிலாந்து கிராமத்து பப் பற்றித் தமிழில் வரும் பயணக் குறிப்புகளில் கணப்பு அடுப்பு இருக்கும், தலையில் இடிக்கும் உத்தரம் இருக்கும், வாசலில் பூத்தொட்டி இருக்கும். பீரைப் பற்றி மட்டும் ஒரே வரி: "வெதுவெதுன்னு, கேஸ் போன மாதிரி இருந்துச்சு." அந்த வரி பல நேரம் உண்மைதான். ஆனால் குற்றம் அந்த வகை பீரின் மேல் இல்லை. தப்பான பப்பில், தப்பான பம்பிலிருந்து வாங்கிக் குடித்திருக்கிறார்கள்.

என் கட்சி இது: கிராமத்து பப்பில் கைப்பம்பு, அதாவது கவுண்டரில் நின்று கையால் இழுத்து பீர் ஊற்றும் பம்பு, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டு போதும். மூன்று இருந்தால் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். எட்டுப் பம்புகளை வரிசையாக நிறுத்தியிருக்கும் கிராமத்து பப்புக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நுழைந்துவிட்டால், பேசாமல் லாகர் (நம்மூரில் குளிரவைத்துத் தரும் வழக்கமான பீர் வகை) வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.

காரணம் வெறும் கணக்கு. கைப்பம்பிலிருந்து வருவது கேஸ்க் ஏல் என்ற பீப்பாய் பீர். அது ஆலையிலேயே முடிந்துபோன சரக்கு அல்ல. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் நொதித்துக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள மெல்லிய குமிழ் அந்த இரண்டாம் நொதிப்பில் தானாக உண்டானது. லாகரும், கெக் என்ற மூடிய உலோக உருளையில் வரும் பீரும் வேறு சாதி. அவற்றை வாயு அழுத்தம் தள்ளிக்கொண்டு வருகிறது, காற்று உள்ளே போக வழியில்லை, நாள் கணக்காகக் கெடாமல் நிற்கும். கேஸ்க்கிலோ ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) வெளியே வந்தால் அதே அளவு காற்று உள்ளே போகிறது. காலையில் இறக்கிய கள் பொழுதேற ஏறப் புளிப்பது போலத்தான், இங்கே கொஞ்சம் மெதுவாக நடக்கிறது. திறந்த பீப்பாய்க்கு மூன்று நாள் ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான பீப்பாய்க்கு ஃபிர்கின் என்று பெயர். 9 காலன், அதாவது 72 பைண்ட். அடியில் நிற்கும் மண்டியும் குழாயில் வீணாவதும் போக 68, 70 பைண்ட் விற்கலாம். மூன்று நாளில் தீர வேண்டுமானால் ஒரு பம்புக்கு நாளொன்றுக்கு 23 பைண்ட் போக வேண்டும். எட்டுப் பம்புக்கு 184. முந்நூறு தலைக்கட்டுகூட இல்லாத ஊரில் வாரநாள் இரவில் யார் வந்து 184 பைண்ட் குடிப்பது? வந்தவர்களில் பாதிப்பேர் கையில் வைன் கிளாஸ் இருக்கும். ஆக, எட்டில் ஐந்து பம்புகளாவது நான்காம் நாள், ஐந்தாம் நாள் சரக்கைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். விஷயம் தெரிந்த பப்காரர் வகையைக் குறைப்பார், அல்லது 36 பைண்ட் மட்டும் பிடிக்கும் 'பின்' என்ற சின்னப் பீப்பாயில் வாங்குவார். எல்லா ஆலையும் பின் நிரப்பித் தருவதில்லை என்பது அவர் பாடு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1960களிலிருந்து பெரிய ஆலைகள் கெக் பீரைத் திணித்துக் கேஸ்க்கை ஒழிக்கப் பார்த்தபோது, 1971இல் நான்கு இங்கிலாந்துக்காரர்கள் அயர்லாந்தின் டன்குவினில் ஒரு பப்பில் உட்கார்ந்து, கேஸ்க் ஏலைக் காப்பாற்றும் கேம்ரா இயக்கத்தைத் தொடங்கினார்கள். கேஸ்க் பிழைத்தது அவர்கள் தயவால். ஆனால் அந்த வெற்றிக்குப் பின் வந்த 'நிறைய வகை வேண்டும்' என்ற மோகம்தான் இப்போது கிராமத்து பப்பில் அதே பீரைக் கெடுக்கிறது. நகரத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து பப் பத்துப் பம்பு வைக்கட்டும், கூட்டம் தாங்கும்.

நிலவறை வேலையைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் புரியும். பீப்பாயைப் படுக்கவைத்து ஆடாமல் ஆப்பு வைக்கிறார்கள். மேலே உள்ள அடைப்பில் காற்றுப் போகும் மென்மரக் குச்சி ஒன்றை அடிக்கிறார்கள். உள்ளே மிகுதியாக இருக்கும் வாயு அதன் வழியாக நுரைத்து வெளியேறுகிறது. நுரை அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத கெட்டிக் குச்சியை வைக்கிறார்கள். முன்பக்க அடைப்பில் மரச்சுத்தியால் குழாயை அடித்து இறக்குகிறார்கள். மண்டி கீழே படிய ஒன்றிரண்டு நாள் ஆகும். யார்க்‌ஷயரின் டிமதி டெய்லர் ஆலையின் லேண்ட்லார்ட் போன்ற ஏல்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும். அதை அவசரப்பட்டு ஊற்றும் பப்புகளால்தான் "இதிலே என்னப்பா இருக்கு" என்று கேட்கும்படி ஆகிறது. இரவு கடை மூடியதும் கெட்டிக் குச்சியை மறந்தால் வாயு வெளியேறி மறுநாள் பீர் சப்பென்றிருக்கும். பகலில் அதை எடுக்க மறந்தால் பம்பு இழுக்க வராது. பாதிக்கு மேல் தீர்ந்ததும் பீப்பாயின் பின்பக்கத்தை மெல்ல உயர்த்த வேண்டும். படக்கென்று உயர்த்தினால் மண்டி கிளம்பி மிச்சமெல்லாம் கலங்கல்.

நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி. 'வெதுவெதுப்பு' என்று நாம் சொல்வது இதைத்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பீரோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். இதற்குக் கீழே குளிர்ந்தால் மால்ட், ஹாப் வாசம் அடங்கிவிடும். ஆனால் கிளாஸ் கைக்கு இளஞ்சூடாக இருந்தால் அது வகையின் குணமில்லை, நிலவறைக் கோளாறு.

இனி கவுண்டரில். மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் போக வேண்டும். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. யார் முன்னால் வந்தார் என்பது பணியாளருக்கும் மற்றவர்களுக்கும் தெரியும். நோட்டை ஆட்டுவதும் சொடக்குப் போடுவதும் உங்களைக் கடைசி ஆளாக்கிவிடும். பம்பின் முகப்பில் பெயரட்டை இருக்கும். அட்டை பின்பக்கமாகத் திருப்பியிருந்தால் அந்த பீப்பாய் தீர்ந்தது. "எது நன்றாகப் போகிறது?" என்று கேளுங்கள். "எது நல்லது?" என்று கேட்டால் எல்லாமே நல்லது என்றுதான் பதில் வரும். ருசி பார்க்கச் சின்னக் கிளாஸில் ஒரு வாய் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முதல் முறையாக இருந்தால் அரை பைண்ட் வாங்குங்கள்.

முழு பைண்ட் 568 மில்லி. சாதாரண பிட்டர் (பப்பில் வழக்கமாகக் கிடைக்கும், சற்றுக் கசப்பான ஏல்) 3.5 முதல் 4.5 சதவீதம்தான். சசெக்ஸ், லூயிஸ் ஊரின் ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட் 4 சதவீதம். டாஸ்மாக்கில் ஸ்ட்ராங் கேட்டுப் பழகியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். பேச்சை நீட்டிக்கச் செய்த சரக்கு இது, ஆளைச் சாய்க்க அல்ல. வடக்கே பம்பின் மூக்கில் துளைகள் உள்ள சிறு மூடி ஒன்றை மாட்டிக் கெட்டி நுரை வரவழைப்பார்கள். தெற்கே அது ஆகாது. லேண்ட்லார்டுக்கு அந்த நுரை பொருந்தும், ஹார்வீஸுக்கு மாட்டுவது பாவம். கழற்றச் சொன்னால் கழற்றுவார்கள். நுரை அதிகமாகி அளவு குறைந்தால் நிரப்பித் தரச் சொல்லலாம், தருவதுதான் முறை.

கெட்ட பைண்டை மூக்கே காட்டிக்கொடுக்கும். காடி வாசம் வந்தால் பீப்பாய் பழசு, காற்றுப் பட்டு அமிலமாகிவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாசமும் காற்றின் வேலைதான். வெண்ணெய் வாசம் தூக்கலாக இருந்தால் நொதிப்பு முழுமை ஆகவில்லை, அல்லது குழாய் கழுவவில்லை. வாரம் ஒருமுறை கழுவ வேண்டிய குழாய் அது. கலங்கலாக இருந்தால் மட்டும் சற்று யோசியுங்கள். சில ஆலைகள் வேண்டுமென்றே கலங்கலாக விடுகின்றன, அட்டையில் எழுதியிருக்கும். கடை திறந்ததும் வரும் முதல் பைண்ட் இரவெல்லாம் குழாயில் நின்றது. நல்ல பப்காரர் அதை இழுத்துக் கொட்டிவிடுவார்.

கெட்டிருந்தால் இரண்டு வாய்க்குள் எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். முக்கால் கிளாஸைக் காலி செய்துவிட்டுப் போனால் யாரும் நம்ப மாட்டார்கள். நீங்கள் சொன்ன பிறகு அந்தப் பம்பின் அட்டையை அவர் திருப்பிவைத்தால், தாராளமாக மறுபடியும் போகலாம்.

சாப்பாட்டுக்கும் இதே விதிதான்: பட்டியல் நீண்டால் பயப்படுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையில் நாற்பது அயிட்டம் என்றால் அடுப்பை விட ஃபிரீசருக்குத்தான் வேலை அதிகம். பெர்க்‌ஷயரின் ஆல்ட்வொர்த் கிராமத்து பெல் இன் என்ற பப் 250 ஆண்டுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது, கேம்ராவின் தேசிய விருதையும் வாங்கியது. சாப்பிட அங்கே பெயர்போனது உள்ளே ஏதாவது வைத்த சூடான ரொட்டி, சூப், அவ்வளவே. பிளவ்மன்ஸ் லஞ்ச் என்ற சீஸ், ரொட்டி, ஊறுகாய்த் தட்டு பாதுகாப்பான தேர்வு. உழவர்களின் ஆதிகாலச் சாப்பாடு என்று கதை விடுவார்கள். ரொட்டியும் சீஸும் பழசுதான், ஆனால் அந்தப் பெயரைப் பரப்பியது 1950களிலும் 60களிலும் சீஸ் விற்க நடந்த விளம்பரம். ஸ்டேக் அண்ட் ஏல் பை (ஏலில் வெந்த மாட்டிறைச்சியை மாவு உறைக்குள் வைத்தது) வாங்குமுன் சுற்றிலும் மாவு உண்டா என்று கேளுங்கள். கிண்ணத்தில் குழம்பை ஊற்றி மேலே ஒரு மாவுத் தொப்பி வைத்துக் கொடுப்பதை நான் பை என்று ஒப்புக்கொள்வதில்லை.

சமையலறை நேரம் கடை நேரம் அல்ல. மதியம் 12 முதல் 2 அல்லது 2.30, இரவு 6 முதல் 9 என்பது பொதுவான வழக்கம். திங்கட்கிழமை அடுப்பே மூட்டாத இடங்கள் நிறைய. ஞாயிறு ரோஸ்ட் என்ற வறுத்த இறைச்சிச் சாப்பாட்டுக்கு முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம், மூன்று மணிக்கெல்லாம் இறைச்சி தீர்ந்துவிடும். மேசை எண்ணைப் பார்த்துவைத்துக்கொண்டு கவுண்டரில் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். பீருக்கு டிப்ஸ் வைக்கும் வழக்கமில்லை. மனசு வந்தால் "உங்களுக்கும் ஒன்று" என்று சேர்த்துக் கட்டலாம்.

சைவர்கள் கவனத்துக்கு. சிப்ஸை (நாம் ஃபிரெஞ்சு ஃபிரைஸ் என்பது), குறிப்பாக வடக்கே, மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் உண்டு. ரோஸ்ட் உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வெந்திருக்கலாம். யார்க்‌ஷயர் புட்டிங் என்ற, ரோஸ்ட்டோடு வரும் மாவுப் பண்டத்தில் முட்டை, கிரேவியில் இறைச்சிச் சாறு. பீரே சைவமில்லாமல் இருக்கலாம்: கேஸ்க் ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் சேர்ப்பது இன்றும் பரவலான வழக்கம். வீகன் என்று அட்டையில் போட்டிருந்தால் அது இல்லை.

போக்குவரத்தை மட்டும் குடிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். பல கிராமங்களில் கடைசிப் பேருந்து சாயங்காலமே போய்விடும், ஞாயிறன்று வராமலே போகலாம். செயலியைத் திறந்தால் கார் ஓடி வரும் ஊர்களல்ல இவை. பக்கத்து டவுன் டாக்சி நம்பரை பப்காரரிடமே கேட்டு, முதல் பைண்ட் வாங்கும்போதே திரும்பும் நேரத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள்.